பூச்சி எது, சுரம் எது

1. மேசையில் கொட்டியது

தகரப் பெட்டியைத் திறந்து முதல் தாளைத் தூக்கியதும் மேசைமேல் கறுப்பாக ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. ஒவ்வொன்றும் கடுகு அளவு. எங்கள் முதலாளி கோவிந்தசாமி குனிந்து பார்த்து, "என்னம்மா இது, பூச்சி முட்டையா?" என்று கேட்டார்.

பெட்டியைக் கொண்டுவந்த பெண் அவற்றை விரல் நுனியால் ஒதுக்கி ஓரமாகச் சேர்த்தார். "இல்லண்ணே. அது பாட்டு. எங்கப்பா எழுதினது" என்றார்.

அவர் பெயர் கிரேஸ். கணவருக்குக் கிள்ளான் ரயில்வே ஸ்டேஷனில் வேலை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தார். நான் அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த போட்டோ ஸ்டூடியோவில் ரீடச்சிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நான் கான்வென்டில் படித்தவள். கல்யாணம், குழந்தை என்று போகாமல் பென்சிலும் பிரஷுமாக ஒரு பெண் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பது அந்த நாளில் தெருவில் பேச்சாகத்தான் இருந்தது. போகப் போகப் பழகிவிட்டார்கள்.

ரீடச்சிங் என்றால் இப்போது கலர் லேப்பில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது படம் ஃபிலிமில் எடுப்பதில்லை, கண்ணாடி பிளேட்டில் எடுப்போம். பிளேட்டைக் கழுவி நெகட்டிவ் ஆனதும் அதைச் சாய்வு மேசையில் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, முகத்தில் இருக்கும் பருவையும் தழும்பையும் பென்சிலால் மூடுவேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் அது போய்விடும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடும் குடும்பங்கள் எல்லாம் எங்கள் ஸ்டூடியோவுக்குத்தான் வரும்.

கிரேஸ் அக்கா கேட்டது வேறு விஷயம். அவருடைய அப்பா ஞானமுத்து மெட்ராஸில் ஒரு காலேஜில் மியூசிக் புரொபசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்தபிறகு மகளோடு இருக்கக் கிள்ளானுக்கு வந்துவிட்டார். தமிழ் வார்த்தைகளுக்கு சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல் வைத்து, ஐந்து கோடு போட்ட ஆங்கில நொட்டேஷனில், வாழ்நாள் முழுக்க எழுதிய பாட்டுகள் அந்தப் பெட்டியில் இருந்தன. எதுவும் அச்சாகவில்லை. மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் மியூசிக் லைப்ரரி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பாட்டுகளை அனுப்பினால் பத்திரமாக வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"அப்படியே அனுப்பிட வேண்டியதுதானே?" என்றார் முதலாளி.

"கப்பல்ல போறதுக்குள்ள தூளாயிடும்ணே. நீங்கதான் பாத்தீங்களே. போட்டோ புடிச்சு அனுப்பலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்."

புரொபசர் பயன்படுத்திய மை அந்தத் தாளைத் தின்றுகொண்டிருந்தது. பழைய காலத்து மை சிலவற்றுக்கு அந்தக் குணம் உண்டு. மெல்லிய கோடு போட்ட இடத்தில் பழுப்பாக மட்டும் இருக்கும். மையைத் தடிப்பாக வைத்த இடத்தில் தாள் அரித்து, புள்ளி புள்ளியாக விழுந்துவிடும். நொட்டேஷனில் தடிப்பான இடம் சுரத்தின் தலைதான். ஆக, வரிக்கோடுகள் இருந்தன, பாட்டின் வார்த்தைகள் இருந்தன, சுரங்கள் மட்டும் மேசையில் கிடந்தன.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஃபிலோமினா, நீ பாத்துக்கிறியா?"

நான் தலையாட்டினேன். எனக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. கோயிலில் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக் கூடவே பாடுவேன், அவ்வளவுதான்.

2. கறுப்பு வெல்வெட்

முதல் பிளேட்டுகள் வீணாகப் போயின. தாள் மஞ்சள் பூத்திருந்ததால் எழுத்தும் தாளும் ஒரே இருட்டாக விழுந்தது. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர் போட்டு, ரொம்ப நேரம் திறந்து வைத்து எடுத்தபிறகு எழுத்து தெளிவாக வந்தது. இன்னொரு தொல்லை, சூடு. டார்க் ரூமில் டெவலப்பர் சூடாகிவிட்டால் பிளேட்டின் மேல்படலம் ஓரத்தில் சுருங்கி எழும்பும். ஐஸ் வாங்கித் தட்டுக்குக் கீழே வைத்துத்தான் கழுவினோம்.

வெள்ளை அட்டைமேல் தாளை வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி எடுத்த முதல் நல்ல பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். புரொபசரை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒல்லியாக, நெட்டையாக, வெள்ளை வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்துகொண்டிருந்தது. பிரிண்ட்டை மூக்குக்கு அருகே வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, இதுல எல்லா சுரமும் உள்ளே காலியா இருக்கே. தலை கறுப்பா இருந்தா தாளத்துல ஒரு அடி. காலியா இருந்தா ரெண்டு அடி. நீ எடுத்த போட்டோவை வெச்சுப் பாடினா, ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்ச ஆராதனை திங்கக்கிழமைதான் முடியும்."

கிரேஸ் அக்காவும் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஓட்டைக்குப் பின்னால் இருந்த வெள்ளை அட்டை அதன் வழியாகத் தெரிந்திருக்கிறது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மை மட்டும் வளையமாக விழுந்திருக்கிறது.

திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் பிரிண்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய், ஆட்களை நிறுத்திப் படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடும் கறுப்பு வெல்வெட்டை இழுத்துக்கொண்டு வந்தார். அட்டைமேல் அதை விரித்து, அதன்மேல் தாளை வைத்தார்.

"இப்ப எடு."

அந்த பிளேட்டைக் கழுவி, பிரிண்டிங் ஃபிரேமில் போட்டு வெயிலில் வைத்து எடுத்தபோது, விழுந்துபோன சுரங்கள் எல்லாம் கறுப்பாக, உருண்டையாக, அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. தாளில் இல்லாதது படத்தில் இருந்தது. முதலாளி பிரிண்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குலா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

3. பூச்சியின் பாட்டு

நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். தாளில் ஓட்டை போட்டது மை மட்டும் இல்லை. பூச்சியும்தான். கறுப்பு வெல்வெட்டுக்கு மையின் ஓட்டையும் பூச்சியின் ஓட்டையும் ஒன்றே. புதிதாக எடுத்த படத்தில் கண்ட கண்ட இடத்தில் எல்லாம் சுரம் முளைத்திருந்தது.

பூச்சி ஓட்டையை நெகட்டிவிலேயே மூடிவிடலாம். அந்த இடத்தில் பிரஷால் ஒளி புகாத ஓப்பேக் பூச்சு வைத்தால் பிரிண்ட்டில் வெள்ளையாகிவிடும். அது என் தினசரி வேலை. ஆனால் எதை மூடுவது என்று எனக்குத் தெரியாது. கிரேஸ் அக்காவுக்கு நொட்டேஷன் நன்றாகத் தெரியும், அவராலும் பாதிதான் சொல்ல முடிந்தது. வரிக்கோட்டின்மேல் சரியாக உட்கார்ந்த ஓட்டை மையா, பூச்சியா? எழுதியவருக்குத்தான் தெரியும். எழுதியவருக்கோ கண் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது. கிள்ளானில் டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தாலும் இந்த வயதில் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார். அவர் முழுக்கப் பார்க்க முடியாமல் போவதற்குள் பெட்டியை முடித்தாக வேண்டும்.

அதனால் புரொபசரே ரயிலேறி வர ஆரம்பித்தார். கிரேஸ் அக்கா கையைப் பிடித்து அழைத்து வருவார். ஸ்டூடியோவில் மேலே கண்ணாடிக் கூரை போட்ட அறையில்தான் வெளிச்சம் அதிகம். அங்கே அவருக்கு நாற்காலி போட்டோம். முதலாளி வீட்டிலிருந்து ஒரு சின்ன ஆர்மோனியம் வந்தது. நான் பிரிண்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டுவேன்.

"இது?"

"சுரம்."

"இது?"

"பூச்சி."

"இதுங்கய்யா?"

பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். ஆர்மோனியத்தில் அந்த இடத்தை வாசிப்பார். சில சமயம் பூச்சியின் சுரத்தையும் சேர்த்து வாசித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். ஒரு தடவை, "இந்தப் பூச்சிக்குக் கொஞ்சம் ஞானம் இருக்கு. இந்த ஆல்டோவுல ஒரு சுரம் குறையுதுன்னு எனக்கே அப்பத் தோணுச்சு. இது இருக்கட்டும்" என்றார்.

"அப்பா" என்றார் கிரேஸ் அக்கா.

"என்ன?"

"பூச்சி எழுதினதை யுனிவர்சிட்டிக்கு அனுப்பப் போறீங்களா?"

"நல்லா இருக்குதே."

"ஃபிலோமினா, நீ மூடும்மா."

நான் மூடினேன். புரொபசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது வேடிக்கையாகப் போயிற்று என்றாலும் பெரிய சண்டை அதற்குள்ளேதான் இருந்தது. புரொபசர் தன் பாட்டு எதையும் முடிந்ததாக நினைத்ததில்லை. பிரிண்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் திருத்தச் சொல்வார். "இதை எடுத்துட்டு இங்கே வை." கிரேஸ் அக்கா முடியாது என்பார். அவர் அப்பாவிடம் சொன்னதை ஒரு நாள் நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நீங்க எழுதினது இருபது வருஷமா ஜனங்க பாடினது, அப்பா. அம்மா பாடினது. அதைத்தான் காப்பாத்த வந்திருக்கோம். இப்ப நீங்க மாத்தினா அது வேற பாட்டு."

"என் பாட்டு, கிரேஸ். நான் மாத்தாம யாரு மாத்தறது?"

எனக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. முகத்தில் உள்ளதை மாற்றித் தருவதுதான் என் பிழைப்பு. புரொபசர் கேட்பதும் அதுதானே என்று தோன்றியது. அதே சமயம், பழைய தாளை வெல்வெட்டில் வைக்கும்போதெல்லாம், இதில் இருப்பது இதுதான், வேறு எங்கும் இல்லை என்றும் நினைத்துக்கொள்வேன்.

4. ஒட்டின்மேல் ஒட்டு

பெட்டியின் அடியில் இருந்த பாட்டுக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக வேலை. மாலை ஆராதனைக்கு எழுதிய பாட்டு அது. கடைசிப் பக்கம் அட்டை போலத் தடித்திருந்தது. முடிவு அடி இருந்த இடத்தில் துண்டுத் தாளை ஒட்டி, அதன்மேல் வேறு முடிவு எழுதியிருந்தார். அதன்மேல் இன்னொரு துண்டு. அதன்மேலும் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த துண்டிலும் எழுதி அடித்திருந்தார்.

"இதுல எதைங்கய்யா எடுக்கறது?" என்றேன்.

கிரேஸ் அக்காதான் சொன்னார். "இந்தப் பாட்டை எங்கம்மா பாடினா கோயில்ல யாரும் இரும மாட்டாங்க. முடிவு மட்டும் அப்பாவுக்குப் புடிக்கல. கீழே இறங்கி நிக்குது, செத்துப் போகுதுன்னுவார். அம்மா போனப்புறமும் மாத்திக்கிட்டே இருக்கார்."

"ஒட்டுகளை ஈர ஒற்றுத்தாள் வெச்சுப் பிரிக்கலாம். அடியில இருக்கறதையும் எடுக்கலாம்" என்றேன்.

"வேணாம்" என்றார் புரொபசர். குரல் கடுமையாக இருந்தது. "தப்பா எழுதினதை எல்லாம் எதுக்கு ஊருக்குக் காட்டறே?"

அந்தப் பக்கத்தை மட்டும் ஓரமாக எடுத்து வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் கிரேஸ் அக்கா வேறு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ஃபிளானல் துணியில் சுற்றிய மூன்று மெழுகு உருளைகள். கிராமபோன் தட்டு பரவலாக வருவதற்கு முன்னால், வீட்டிலேயே குரலைப் பதிவு செய்ய அந்த உருளைகள் இருந்தன. பெரிய புனல் வைத்த மெஷினில் மாட்டிப் பாடினால் ஊசி மெழுகில் கீறிக்கொண்டு போகும். அதையே திரும்ப ஓட்டிக் கேட்கலாம். மெட்ராஸில் புரொபசரின் மனைவி அன்னம்மாள் பாடியது அதில் இருந்தது. இரண்டு உருளைகளில் பூஞ்சணம் படிந்து பள்ளமே தெரியவில்லை. ஒன்று மட்டும் ஓரளவு சுத்தமாக இருந்தது. அதில்தான் மாலைப் பாட்டு.

"கேட்டிருக்கீங்களா அக்கா?"

"இல்ல. பதிஞ்சப்புறம் ஓட்டினதே இல்ல. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் ஊசி கொஞ்சம் மெழுகைச் சுரண்டிடும். அப்பா தொட விட மாட்டார். இப்படியே வெச்சிருந்தா பூஞ்சணம் தின்னுடும். ஓட்டினா ஊசி தின்னுடும். என்ன செய்யறதுன்னு தெரியல."

போட்டோ ஸ்டூடியோவில் அதற்கு வழி இல்லை. துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

5. பத்து ரோட்டில் ஒரு மத்தியானம்

அந்த மாதம் ஒரு கிராமபோன் கம்பெனியின் ஆட்கள் பாட்டுப் பதிவு செய்யக் கோலாலம்பூருக்கு வந்தார்கள். பத்து ரோடு என்ற கடைத்தெருவில் ஒரு மாடி அறையைப் பிடித்து, சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, நாடகக் கம்பெனிப் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார்கள். விளம்பரத்துக்குப் பாடகர்களைப் படம் எடுக்க ஏஜென்ட் எங்கள் ஸ்டூடியோவைக் கூப்பிட்டார். முதலாளி கேமராவோடு போனார். நான் பிளேட் பெட்டியோடு போனேன்.

பதிவு செய்யும் துரை வெயிலில் சிவந்துபோன இளம் வெள்ளைக்காரர். அவர் மைக்கில் பிடிக்கும் குரல் மின்சாரத்தில் ஒரு மெழுகுத் தட்டுக்குப் போகும். தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினால், அங்கே அச்சடித்துக் கிராமபோன் தட்டாகத் திரும்பி வரும். இரண்டு நாள் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். என் தலையில் அந்த ஃபிளானல் பொட்டலமே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பாடவேண்டிய நாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஏஜென்ட் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். துரை சும்மா இருந்தார். நான் முதலாளியிடம்கூடச் சொல்லாமல் நேரே அவரிடம் போய், கான்வென்ட் ஆங்கிலத்தில், உருளையைப் பற்றிச் சொன்னேன். புனலுக்கு முன்னால் மைக்கை வைத்தால் அந்தக் குரலைத் தட்டுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "செய்து பார்த்ததில்லை. ஆனால் முடியாது என்று சொல்ல மாட்டேன். ஒரு தட்டுத் தருகிறேன். ஒரே தடவைதான். பதிந்ததை இங்கே ஓட்டிப் பார்க்க முடியாது, பார்த்தால் மெழுகு கெட்டுவிடும். சம்மதமா?" என்றார்.

கிள்ளான் ஸ்டேஷனுக்குத் தந்தி போயிற்று. மறுநாள் மத்தியானம் புரொபசரும் கிரேஸ் அக்காவும் புனல் மெஷினும் வந்து சேர்ந்தார்கள். புரொபசர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஓட்டினா போயிடும்" என்றார்.

"ஓட்டாட்டியும் போயிடும்பா" என்றார் கிரேஸ் அக்கா. "இன்னிக்கு விட்டா இந்த மெஷினும் இந்த ஆளும் எப்ப திரும்ப வருவாங்களோ. குடுங்க."

அவர் கோட்டுக்குள் வைத்திருந்த பொட்டலத்தைத் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். கிரேஸ் அக்கா ஒட்டக முடியில் செய்த ஒரு மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டி உருளையை மாட்டினார். துரை எல்லாரையும் உட்காரச் சொன்னார். பதிவு நடப்பதைக் காட்டும் விளக்கு எரிந்ததும் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்றார்.

விளக்கு எரிந்தது. முதலில் வெறும் கரகரப்பு, எண்ணெயில் ஏதோ பொரிவது போல. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு குரல். ரொம்ப தூரத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவது போல. பெரிய குரல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் கடைசி எழுத்துவரை பாடினார். புரொபசர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் விரல்கள் முழங்கால்மேல் தாளம் போட்டன, சத்தமில்லாமல்.

கடைசி அடி வந்தது. "விடியும் வரை விழித்திரு" என்ற வார்த்தைகள். ஸ்டூடியோவில் ஆர்மோனியத்தில் நான் கேட்டுக் கேட்டு எனக்கே அது மனப்பாடம். கீழே இறங்கி நிற்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. "விழித்திரு" என்பதில் குரல் ஒரு படி மேலே போய் அங்கேயே நின்றது. நின்ற இடத்தில் மெல்ல ஓய்ந்தது.

புரொபசர் கண்ணைத் திறந்தார். வாய் திறந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கிரேஸ் அக்கா அவர் கையை இறுகப் பிடித்தார். அவர் வாயை மூடிக்கொண்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக் கோட்டில் விழுந்தது, அவர் துடைக்கவில்லை.

விளக்கு அணைந்தது. துரை தலையை ஆட்டினார்.

"அவ மாத்தியிருக்கா" என்றார் புரொபசர். "நான் எழுதினது அது இல்ல. அவ மாத்திப் பாடியிருக்கா. நான் மெஷினைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். கவனிக்கவே இல்ல."

"ஒருவேளை எப்பவும் அப்படித்தான் பாடினாங்களோ என்னவோ" என்றார் கிரேஸ் அக்கா. "நான் சின்னப் பொண்ணு, எனக்கும் ஞாபகம் இல்லப்பா."

"இத்தனை ஒட்டு ஒட்டினேனே" என்றார் அவர். படி இறங்கும்போது என்னிடம், "அந்த ஒட்டெல்லாம் பிரிச்சு எடும்மா. எல்லாத்தையும் படம் எடு. இருக்கட்டும்" என்றார்.

6. தட்டு வந்தது

ஈர ஒற்றுத்தாள் வைத்து ஒவ்வொரு துண்டாகப் பிரித்தேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு முடிவு. எல்லாவற்றையும் தனித்தனி பிளேட்டில் எடுத்தேன். ஒன்றிலும் அன்னம்மாள் பாடிய முடிவு இல்லை. புரொபசர் அதைத் தானே புதுத் தாளில், பெரிய பெரிய எழுத்தாக, தடவித் தடவி எழுதிக் கொடுத்தார். அதையும் எடுத்தேன்.

சில மாதம் கழித்துக் கல்கத்தாவிலிருந்து தட்டு வந்தது. கிரேஸ் அக்கா என்னைக் கிள்ளானுக்கு வரச் சொன்னார். முடிந்த பிரிண்ட்டுகளையும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவர் கணவர் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். பத்து ரோட்டில் கேட்ட அதே குரல். கரகரப்புகூட அப்படியே இருந்தது. கிரேஸ் அக்கா புது முடிவு எழுதிய பிரிண்ட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கினார்.

"அப்பா, அம்மா இப்படிப் பாடல."

"எப்படிப் பாடல?"

"நீங்க மேலே போறதுக்கு முன்னாடி ஒரு வளைவு போட்டிருக்கீங்க. அம்மா நேரா போறாங்க."

"வளைவு இருக்கு. தட்டுல தேஞ்சிருக்கும்."

"இன்னொரு தடவை கேளுங்க."

ஓட்டினார். பிறகும் ஓட்டினார். மெழுகு தேயும் என்று பயந்து ஓட்டாமலே வைத்திருந்த குரலை, வேண்டிய மட்டும் கேட்கலாம் என்ற நிலைமை அந்த வீட்டுக்குப் புதிது. அவர் கணவர்கூட வாசல் பக்கம் போகாமல் நின்று கேட்டார். வளைவு இல்லை. நேரேதான் போனது.

"மறுபடியும் திருத்திட்டீங்க" என்றார் கிரேஸ் அக்கா. கோபமாக இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

புரொபசர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னால சும்மா இருக்க முடியல, பாத்தியா" என்றார். "சரி. எனக்கு இனிமே கண்ணும் தெரியல. நீ எழுது. அவ பாடினபடியே எழுது. மேலே என் பேரு இருக்கில்ல, பக்கத்துல அவ பேரையும் போடு."

கிரேஸ் அக்கா எழுதினார். அந்தப் பக்கம் பெட்டியில் மற்றவற்றோடு சேர்ந்தது. புரொபசரின் வளைவு உள்ள பக்கத்தையும் நாங்கள் எடுத்துவிடவில்லை. பிரிண்ட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி, தகரம் அடித்த பெட்டியில் போட்டு, சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மெட்ராஸ் கப்பலில் ஏற்றினோம். நல்லபடியாகச் சேர்ந்தது என்று அங்கிருந்து பதில் வந்தது. நெகட்டிவ்கள் எங்கள் ஸ்டூடியோவில் இருந்தன. பழைய தாள்களும் மெழுகு உருளையும் கிரேஸ் அக்காவிடமே இருந்தன.

7. அந்த வேலை எனக்குச் சொன்னது

அதற்குப் பிறகும் பல வருடம் ரீடச்சிங்தான் செய்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்தில் தழும்பை மூடாமல் விடவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எந்தப் பழைய படத்தைக் கொண்டுவந்து சுத்தம் செய்து கொடு என்றாலும், முதலில் இருக்கிறபடியே ஒரு பிளேட் எடுத்து வைத்துவிடுவேன். மடிப்பு, கறை, கிழிசல், எல்லாவற்றோடும். திருத்துவதை அடுத்த பிளேட்டில் வைத்துக்கொள்ளலாம். எது அழுக்கு, எது விஷயம் என்று அந்த நேரத்தில் நமக்குத் தெரியாமல் போகலாம். படத்தின் சொந்தக்காரருக்கே தெரியாமல் போகலாம். என்னிடம் வேலை கற்ற எல்லாரையும் இப்படித்தான் செய்ய வைத்தேன். பிளேட் வீண் என்று முணுமுணுத்தவர்களும் செய்தார்கள்.

புரொபசரைக் கடைசியாகப் பார்த்தது கிள்ளானில், அவர்களுடைய மெதடிஸ்ட் கோயிலில். நான் கத்தோலிக்கப் பெண், அங்கே போவது வழக்கமில்லை. மாலைப் பாட்டைப் பாடுகிறோம், வா என்று கிரேஸ் அக்கா கூப்பிட்டிருந்தார். ஆராதனைக்கு முன்னால் ஒத்திகை நடந்தது. புரொபசருக்கு அப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள், ஒரு சுரம் தவறினாலும் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்திவிடுவார் என்று.

ஆல்டோவில் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் மனைவி ஒருவர் இருந்தார். நொட்டேஷன் தெரியாது, கேட்டுப் படித்தவர். பாட்டின் நடுவில் ஓர் இடத்தில், தாளில் இல்லாத ஒரு சின்ன இழுப்பு இழுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரேஸ் அக்கா அப்பாவைப் பார்த்தார்.

அவர் கை தூக்கவில்லை. பாட்டு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் ஆல்டோ நிற்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"யாரும்மா அது, நடுவுல இழுத்தது?"

அந்த அம்மா பயந்துபோய், "நான்தாங்கய்யா. தெரியாம வந்துடுச்சு. இனிமே சரியாப் பாடறேன்" என்றார்.

"இன்னொரு தடவை அப்படியே பாடு" என்றார் புரொபசர். பிறகு மகள் இருக்கும் திசையில் கையை நீட்டினார். "கிரேஸ், எழுதிக்கோ."